பெயருக்கு வாடகை

வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி. பூந்தமல்லியைச் சுற்றி இப்படி மூன்று சாவடிகள். சாவடி என்றால் வழிப்போக்கர்கள் இறங்கி இளைப்பாறும் இடம். நான் கரையான்சாவடியில்தான் குடியிருக்கிறேன். இங்கே அப்படி ஒரு கட்டடத்தை இதுவரை பார்த்ததில்லை. வேலப்பன் யார், குமணன் யார் என்று ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள், தெரியாது என்பார். கரையான் என்பது ஓர் ஆளா, புற்று கட்டுகிற பூச்சியா என்பதே எங்கள் தெருவில் தீராத சந்தேகம். கட்டடம் போய்விட்டது, கட்டியவரும் போய்விட்டார், பெயர் மட்டும் நிற்கிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வருகிற மெட்ரோ பாதையில் இப்போது அதே பெயரில் ஒரு நிலையமும் எழும்பிவிட்டது.

இந்தப் பெயரை இத்தனை காலம் உயிரோடு வைத்திருப்பதற்கு யாரும் பத்து பைசா கட்டவில்லை. கட்ட வேண்டியிருந்து, ஏதோ ஒரு வருஷம் யாரோ கட்ட மறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கண்டக்டர் "கரையான்சாவடில்லாம் இறங்கு" என்று கத்துவார், நாம் இறங்குவோம், இறங்கிய இடத்தில் ஒரு சீட்டாட்டக் கிளப் நம்மை வரவேற்கும். தெருவில் இது நடக்காது. இணையத்தில் தினமும் நடக்கிறது.

எங்கள் பகுதியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. பெயர் வேண்டாம். குரூப் 4 எழுதுகிற பிள்ளைகள் இருக்கும்வரை டைப்ரைட்டிங் மெஷினுக்குச் சாவு கிடையாது என்பது அதை நடத்துகிற சாரின் நம்பிக்கை. லோயர், ஹையர், ஆங்கிலம், தமிழ் எல்லாம் உண்டு. சாருக்கு எழுபத்தொரு வயது. சில வருஷங்களுக்கு முன் அவரிடம் படித்த ஒரு பையன் இன்ஸ்டிட்யூட் பெயரில் ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்தான். வருஷா வருஷம் சார் அவன் கையில் பணம் கொடுப்பார், மற்றதை அவன் பார்த்துக்கொள்வான். முகவரியை போர்டில் எழுதினார், நோட்டீஸில் அடித்தார், பாஸ் பண்ணிய பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பையிலும் போட்டார். பையன் வெளிநாடு போனான், நம்பர் மாறியது. ஒரு நாள் ஒரு மாணவியின் அம்மா வந்து, "என்ன சார், உங்க சைட்டத் தொறந்தா ரம்மி ஆடச் சொல்லுது?" என்று கேட்டிருக்கிறார்.

சார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு.

"காசு நான்தானே தம்பி குடுத்தேன்? அப்போ பேரு என்னுதுதானே?"

சட்டப்படி பதில் சொல்வது எளிது, அவருடையது இல்லை. பதிவு பையனின் பெயரில், அவனுடைய மின்னஞ்சலில் இருந்தது. கெடு முடிவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்று பதிவு நிறுவனங்களுக்கு விதி இருக்கிறது. அனுப்பியிருப்பார்கள், அவனுக்கு. அவன் பார்த்தானோ இல்லையோ. டாட் காம் பெயர் என்றால் கெடு முடிந்ததும் உடனே போய்விடாது. சில வாரங்கள் பழைய விலைக்கே புதுப்பிக்கலாம். அந்த அவகாசம் அதிகபட்சம் 45 நாள், எவ்வளவு தருவது என்பது நிறுவனத்தின் இஷ்டம். பிறகு 30 நாள், கூடுதல் அபராதம் கட்டி மீட்கலாம். அதற்குப் பிறகு 5 நாள் யாரும் தொட முடியாது. அதுவும் தாண்டினால் பொதுச் சந்தை. அந்த நொடிக்காகவே காத்திருந்து கவ்வுகிற மென்பொருட்கள் இருக்கின்றன. பல பெயர்கள் அதுவரைகூடப் போவதில்லை, அவகாசக் காலத்திலேயே ஏலத்துக்குப் போய்விடும்.

சாருக்கு இதைவிடப் பெரிய அதிர்ச்சி இன்னொன்று. பதிவு அவர் பெயரில் இருந்திருந்தாலும் அந்தப் பெயர் அவருக்குச் சொந்தமாகியிருக்காது. டாட் காம் பெயரை ஒரே தடவையில் 10 வருஷத்துக்கு மேல் எடுக்க முடியாது. பட்டா கிடையாது, கிரயப் பத்திரம் கிடையாது, வாடகை மட்டும்தான். 'டொமைன்' என்பதைத் தமிழில் 'ஆள்களம்' என்று மொழிபெயர்த்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும். ஆள்கிறவர் யார் என்று கேட்டால் வாடகைக்கு இருப்பவரைக் காட்டுகிறார்கள்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. தொடக்கத்தில் வலையில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயரும் ஒரே ஒரு கோப்பில் இருந்தது. கலிஃபோர்னியாவில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணியின் குழு அதைப் பராமரித்தது. புதுக் கணினி வந்தால் சொல்லிவிட வேண்டும், அவர்கள் எழுதிக்கொள்வார்கள். ஊரில் குழந்தை பிறந்தால் கணக்குப்பிள்ளையிடம் சொல்வதுபோல. கணினிகள் பெருகியதும் இது தாங்கவில்லை. 1983இல் பால் மோக்கபெட்ரிஸ் இன்றைய முறையை வடிவமைத்தார். ஒரே ஏட்டில் எல்லாரையும் எழுதாமல், கேட்டுக் கேட்டுப் போகும் முறை. 'காம் எங்கே இருக்கிறது?' என்று உச்சியில் கேள், அங்கே போய் 'இந்தப் பெயர் எங்கே?' என்று கேள், அவர் காட்டுகிற வீட்டுக் கதவைத் தட்டு. புது ஊருக்குப் போய் டீக்கடையில் விசாரித்து வீடு கண்டுபிடிப்பது இப்படித்தான்.

1985 மார்ச் 15 அன்று முதல் டாட் காம் பெயர் பதிவானது. அதற்குப் பிறகும் பத்து வருஷம் பெயர் இலவசம். 1995 செப்டம்பரில்தான் கட்டணம் வந்தது, இரண்டு வருஷத்துக்கு 100 டாலர். பெயர் என்பது விற்கவும் பதுக்கவும் கூடிய பண்டமாக முழுசாக மாறிய நாளாக நான் இதைத்தான் எண்ணுகிறேன். கட்டணம் வைத்ததைக் குறை சொல்ல மாட்டேன். சர்வர் ஓட வேண்டும், ஆட்கள் வேண்டும். ஆனால் பராமரிப்புக்குக் கூலி வாங்குவது வேறு, பெயரையே வாடகைக்கு விடுவது வேறு. கோயில் விளக்குக்கு எண்ணெய்க் காசு வாங்கலாம். காசு வராத மாதம் சாமியைத் தூக்கி வேறொருவருக்கு விற்பதில்லை.

யாருக்கு எந்தப் பெயர் என்பதற்கு இங்கே ஒரே விதி, முதலில் வந்தவருக்கு. நமக்கு இது புதிதில்லை. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் பண்டிகை நாளில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிக்கிறோமே, அதுதான். துண்டுக்கு எந்தச் சட்டமும் பாதுகாப்பு தரவில்லை, ஆனாலும் பெரும்பாலும் மதிக்கிறோம். ஏன்? துண்டு போட்டவர் ஏறி வந்து உட்காரப்போகிறார் என்று நம்புவதால். ஒருவர் பத்து சீட்டில் பத்துத் துண்டு போட்டு, சீட்டுக்கு ஐம்பது ரூபாய் என்று கூவினால் பஸ்ஸே அவரை இறக்கிவிடும். ஜான் லாக் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி சொத்துரிமைக்குச் சொன்ன நியாயம் ஏறக்குறைய நம் பஸ்ஸின் நியாயம்தான். பொதுவில் கிடப்பதில் உன் உழைப்பைக் கலந்தால் அது உன்னுடையதாகும், ஆனால் மற்றவர்களுக்கும் போதுமான அளவு, அதே தரத்தில் மீதி இருக்க வேண்டும். நிலத்துக்கு இதைச் சொல்லலாம். பெயரில் மீதி ஏது? ஒரு டாட் காம் பெயர் ஒன்றே ஒன்றுதான். அதே தரத்தில் இரண்டாவது கிடையாது.

அதனால்தான் வழக்குகள். நம்மூருக்குப் பக்கத்து வழக்கு ஒன்று சட்டப் படிப்பில் எல்லாரும் படிப்பது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே நிறுவனம், தன் பெயரின் துண்டுகளைச் சேர்த்து 'சிஃபி' என்ற சொல்லை உருவாக்கி 1999இல் இணையப் பெயர்களைப் பதிவு செய்தது. 2001இல் வேறொரு நிறுவனம் நடுவில் ஓர் எழுத்தை மட்டும் கூட்டி 'சிஃபிநெட்' என்று பதிவு செய்தது. கேட்டால், இது எங்கள் நிறுவனர்கள் ஐந்து பேரின் முதலெழுத்து என்றார்கள். பெங்களூரு சிவில் நீதிமன்றம் தடை விதித்தது, கர்நாடக உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது, 2004 மே மாதம் உச்ச நீதிமன்றம் மறுபடி தடை விதித்தது. டொமைன் பெயர் வெறும் முகவரி மட்டும் இல்லை, வணிகத்தின் அடையாளமும்கூட என்று இந்தியாவில் தெளிவாக நிலைநிறுத்திய தீர்ப்பு அது.

பள்ளியில் இலக்கணம் படித்தவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை தெரியும். பெயரை இடுகுறி, காரணம் என்று இரண்டாகப் பிரித்துப் படித்தோம் இல்லையா? அந்த வழக்கில் ஒரு தரப்பு தன்னுடையது காரணப்பெயர் என்று வாதாடியது, நீதிமன்றம் அந்தக் காரணத்தை நம்பவில்லை. வணிகச் சட்டத்தில் அகராதியில் இல்லாத, புதிதாகப் புனைந்த சொல்லுக்குத்தான் பாதுகாப்பு அதிகம். பொதுச் சொல்லுக்குக் குறைவு. நம் வழக்கத்துக்கு இது தலைகீழ். ஊரில் 'ஏன் இந்தப் பேரு?' என்று கேட்டால் காரணம் சொல்கிறவருக்குத்தான் மரியாதை.

காரணப்பெயருக்கு அங்கேயும் சில சமயம் வெற்றி உண்டு. அமெரிக்காவில் உஸி நிஸ்ஸான் என்பவர், நிஸ்ஸான் அவருடைய குடும்பப் பெயர், 1980லிருந்தே தன் தொழில்களுக்கு அந்தப் பெயரை வைத்திருந்தார். அப்போது அந்த நாட்டில் ஜப்பானியக் கார்கள் டாட்சன் என்ற பெயரில் விற்றுக்கொண்டிருந்தன. 1994இல் தன் பெயரில் டாட் காம் பதிவு செய்தார். 1999 இறுதியில் கார் கம்பெனி ஒரு கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. பல வருஷம் இழுத்து, கடைசியில் பெயர் அவரிடமே தங்கியது. 2020இல் கொரோனாவில் இறக்கும்வரை விடவில்லை. வழக்குச் செலவில் அவர் இழந்தது அதிகம். தன் துண்டு போட்ட சீட்டில் தானே உட்கார்ந்திருந்த மனிதர் அவர், அதற்கும் இந்த விலை.

டைப்ரைட்டிங் சாரிடம் வழக்குப் போடுகிற காசு கிடையாது, நானும் அதைச் சொல்லவில்லை. பத்து நிமிஷம் மெஷின் சத்தத்துக்கு நடுவே யோசித்துவிட்டு அவர் இரண்டாவதாக ஒன்று கேட்டார். எனக்கு அந்த முதல் கேள்வியைவிட இதுதான் இன்றுவரை மண்டையில் ஓடுகிறது.

"சரி, பேரு போச்சு. ஆனா என் போர்டப் பாத்துத்தானே புள்ளைங்க அங்க போகுது? அப்போ நான் அனுப்புன மாதிரிதானே தம்பி?"

ரம்மிக்காரர்கள் அந்தப் பெயரை ஏன் வாங்கினார்கள் என்று யோசித்தால் இந்தக் கேள்வியின் கனம் தெரியும். டைப்ரைட்டிங்மேல் ஆசைப்பட்டா வாங்கினார்கள்? ஒரு பெயர் சில வருஷம் நேர்மையாக நடந்தால் மற்ற தளங்கள் அதற்கு இணைப்புக் கொடுக்கின்றன, தேடுபொறிகள் அதை நம்பத் தொடங்குகின்றன, ஜனங்கள் போனில் சேமித்துவைக்கிறார்கள். காலாவதியான பெயரை வாங்குகிறவர் வாங்குவது இந்த நம்பிக்கையை. இதைச் சம்பாதித்தது சார் மட்டும் இல்லை. லோயர் பாஸ் பண்ணிவிட்டுத் தங்கைக்கு முகவரி சொன்ன அக்கா, வாட்ஸ்அப் குரூப்பில் பகிர்ந்த ஒரு அப்பா, இப்படி நூறு பேர் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுவைத்த சேமிப்பு. பதிவேட்டில் இவர்கள் யாரும் இல்லை. ஏலத்தில் போனது இவர்கள் போட்ட பணம்.

ஆகவே 'பெயர் யாருக்குச் சொந்தம்' என்று கேட்பதிலேயே கோளாறு இருக்கிறது என்று படுகிறது எனக்கு. சால் கிரிப்கி என்ற தத்துவவாதி 1970இல் ஆற்றிய உரைகளில் பெயர் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு விளக்கம் தந்தார். முதலில் யாரோ ஒருவர் பெயர் வைக்கிறார், அதற்குப் பிறகு வாய்க்கு வாய் ஒரு சங்கிலியாக அது நம்மிடம் வந்து சேர்கிறது. கரையான் யார் என்று எனக்குத் தெரியாமலே கரையான்சாவடி என்று நான் சரியாகச் சொல்ல முடிவது அந்தச் சங்கிலியால். டொமைனும் சங்கிலிதான், கேட்டுக் கேட்டுப் போவது. வித்தியாசம் ஒன்று. நம் வாய்ச் சங்கிலியை வாடகை பாக்கிக்காக யாரும் அறுக்க முடியாது. இந்தச் சங்கிலியில் கடைசிக் கண்ணியை ஒரே ராத்திரியில் கழற்றி வேறு கதவில் மாட்டிவிடலாம், நடந்து வருகிறவர்களுக்குச் சொல்லாமலே.

சொல்லாமலே என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. கடை கை மாறினால் போர்டு மாறும், கல்லாவில் வேறு முகம் இருக்கும், நாம் வாசலிலேயே திரும்பிவிடலாம். இங்கே போர்டு அப்படியே இருக்கும், உள்ளே இருப்பவர் மட்டும் வேறு. ஒரு பெயரை ஊருக்கு அறிவித்துவிட்டால், அதைக் கைவிடும்போதும் அறிவிக்கிற கடமை வருகிறது என்று நான் நினைக்கிறேன். சட்டக் கடமை ஒன்றும் இல்லை. கிணறு தோண்டியவனுக்கு, இனி இறைக்கப்போவதில்லை என்றால் மூடி போடுகிற கடமை இருக்கிறதே, அதுபோல ஒன்று.

எதிர்வாதமும் எனக்குத் தெரியும். வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் சொச்சம். பெரிய கம்பெனிக்கு அது தூசு. கவிதை எழுதி வலைப்பூ நடத்துகிற ஒருவர் வேலை இழந்தால்? இறந்துபோனால்? ஒருவர் தன் இருபத்தைந்து வயசு ஆர்வத்துக்கு ஆயுள் முழுக்க வாடகை கட்ட வேண்டுமா? மறக்கவும் விட்டுவிட்டுப் போகவும் மனிதருக்கு உரிமை இல்லையா? இருக்கிறது. அதனால்தான் முழுப் பழியையும் தனி ஆள் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை. கைவிடப்பட்ட பெயரை அடுத்த மாதமே ஏலம் போடுகிற ஏற்பாட்டில்தான் குற்றம் அதிகம். நன்கு அறியப்பட்ட ஒரு பெயர் காலாவதியானால் ஐந்து வருஷம் யாருக்கும் தராமல் தரிசாகப் போட்டுவைத்தால் என்ன கெட்டுவிடும்? நட்டம் யாருக்கு என்று யோசித்தால், ஏலம் விடுகிறவர்களுக்கு மட்டும்தான்.

மறதி ஏழைக்கு மட்டும் வருவதில்லை. 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் பாஸ்போர்ட் டாட் காமைப் புதுப்பிக்க மறந்தது. ஹாட்மெயில் உள்நுழைவு அதை நம்பி இருந்தது. கிறிஸ்துமஸ் சமயம், பலருக்கு மெயில் திறக்கவில்லை. மைக்கேல் சேனி என்ற நிரலாளர், அதுவும் லினக்ஸ்காரர், காரணத்தைக் கண்டுபிடித்து தன் கிரெடிட் கார்டில் 35 டாலர் கட்டினார். பெயர் அவருக்கு வரவில்லை, மைக்ரோசாஃப்டிடமே இருந்தது. தான் வைத்துக்கொள்ளாத வீட்டுக்கு வாடகை கட்டினார். அவர்கள் நன்றியாக 500 டாலர் காசோலை அனுப்ப, அதையும் ஏலம் விட்டுத் தர்மத்துக்குக் கொடுத்தார். இந்தத் துறையில் நான் படித்த கதைகளில் எனக்குப் பிடித்தது இதுதான். பெயரை நம்பி நடக்கிறவர்களில் ஒருவர், அதைக் காப்பாற்றுவது தன் வேலையும்தான் என்று நினைத்தார்.

சாருக்குப் புதுப் பெயர் எடுக்க உட்கார்ந்தோம். ஊர்ப் பெயரைச் சேர்க்கணும் என்றார். அங்கே வேறு தலைவலி. ஆங்கிலத்தில் கரையானை எப்படி எழுதுவது? 'ஐ' உண்டா இல்லையா? சாவடிக்கு 'சி ஹெச்'சா 'எஸ்'ஸா, கடைசியில் 'ஐ'யா 'ஒய்'யா? ஒரு கடை போர்டில் உள்ளது அடுத்த கடை போர்டில் இல்லை. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அறிவித்து, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது நினைவிருக்கலாம். பூந்தமல்லிக்குப் பூவிருந்தவல்லி என்ற முழுப் பெயர் ஆங்கிலத்தில் வரவிருந்தது. வந்திருந்தால் இன்னொரு குழப்பம் கூடியிருக்கும், அவ்வளவுதான்.

"தமிழ்லயே வைக்க முடியாதா தம்பி? எங்கிட்ட தமிழ் டைப்ரைட்டிங் படிக்கிற புள்ளைங்க இருக்கே."

முடியும். 2007இல் பன்னாட்டு நிர்வாக அமைப்பான ஐகான் பதினோரு மொழிகளில் சோதனை முகவரிகளை விட்டது, தமிழ் அதில் ஒன்று. அந்த முகவரி 'உதாரணம்.பரிட்சை'. தேர்வுக்கே பிறந்த நம் சமூகத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது. பிறகு இலங்கை, இந்தியா, சிங்கப்பூர் மூன்றுக்கும் தமிழ் எழுத்திலேயே மேல்நிலைப் பெயர்கள் வந்தன. சோதனை முகவரியை அகற்றிவிட்டார்கள். தமிழில் எழுதினால் ஒரே எழுத்துமுறைதான், குழப்பம் இல்லை. ஆனால் பெயர்ச் சங்கிலி இன்றும் ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு இவற்றை மட்டுமே சுமக்கிறது. நாம் அடிக்கும் தமிழ், உள்ளே 'எக்ஸ் என்' என்று தொடங்கும் ஓர் ஆங்கில எழுத்துக் குப்பையாக மாற்றப்பட்டுத்தான் பயணம் போகும். பல படிவங்கள் இன்னும் தமிழ் முகவரியை ஏற்பதில்லை. சொந்தப் பெயரோடு கேட்டைத் தாண்டுவதற்கு மாறுவேஷம் போட வேண்டியிருக்கிறது. சார் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இரண்டும் எடுத்துடலாம் என்றார். ஆங்கிலம் வருகிறவர்களுக்கு, தமிழ் தனக்கு.

இந்த முறை பதிவு அவர் பெயரில், அவர் மின்னஞ்சலில், அவர் போனில் ஓடிபி. கடவுச்சொல்லை அவரே அடித்தார், பத்து விரலும் போட்டு, கீபோர்டைப் பார்க்காமல். வேறு நிறுவனத்துக்கு யாரும் நகர்த்திவிடாமல் பூட்டு போட்டோம். வெப்சைட் செய்கிறவர் யாராக இருந்தாலும் பெயர்ச் சாவி அவரிடம் போகக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டினார். போர்டில் பழைய முகவரியை வெள்ளை பெயிண்டால் அழித்து, அதன்மேல் புதியதை எழுதாமல், பக்கத்தில் 'பழைய முகவரி எங்களுடையது அல்ல' என்று எழுதச் சொன்னார். அழித்துவிட்டால் போதாதா என்று பெயிண்டர் கேட்டார். பையில் அடிச்சது வெளிய சுத்திக்கிட்டு இருக்கேப்பா என்றார் சார்.

ஆங்கிலப் பெயரைப் பத்து வருஷத்துக்கு எடுத்துவிடலாமா என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார்.

"எண்பத்தொண்ணு. அப்போ ஞாபகப்படுத்துற மெயில் யாருக்கு வரும்?"

இரண்டாவது முகவரியாக அவருடைய மகளின் மின்னஞ்சலைச் சேர்த்தோம். மகள் மதுரையில் இருக்கிறார். சார் அங்கேயே போன் போட்டு, ஸ்பீக்கரில், டொமைன் என்றால் என்ன என்று அவருக்கு முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தார்.